புழுக்கத்தில் 42 கிலோமீட்டர்: சென்னை மாரத்தானில் முதன்முறை ஓடுபவருக்கு

ஜனவரி மாதத் தொடக்கத்தில், பொழுது விடிவதற்கு வெகுநேரம் முன்பே, கூவம் கடலில் கலக்கும் இடத்துக்கு அருகே நேப்பியர் பாலத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டு நிற்பார்கள். சென்னை மாரத்தானின் முழுத் தூர ஓட்டம் அண்மை ஆண்டுகளில் அங்கிருந்துதான் தொடங்கி வருகிறது. கடற்காற்று சற்றே குளிர்ந்திருக்கும். காமராஜர் சாலை வண்டிகள் இல்லாமல் அகலமாகத் திறந்து கிடக்கும். அந்தக் குளிர்ச்சியை நம்பி முதல் பத்து கிலோமீட்டரை வேகமாகக் கடந்தவர்கள், வெயில் ஏறிய பிறகு சாலையோரத்தில் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். என் முதல் மாரத்தானில் 33ஆவது கிலோமீட்டரில் நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன். மாதக்கணக்கில் செய்த பயிற்சியில் குறை இல்லை. இந்த ஊரின் காற்றை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. புதிதாக வருபவர் அந்தத் தவற்றைச் செய்யாமல் இருக்க வேண்டும் என்ற அக்கறையால் இதை எழுதுகிறேன்.

சென்னையில் ஜனவரி மாத அதிகாலை வெப்பநிலை பெரும்பாலும் 20, 21 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்கும். ஆனால் காற்றின் ஈரப்பதம் அந்நேரத்தில் 80 விழுக்காட்டைத் தாண்டியிருப்பது வழக்கம். தோலிலிருந்து ஆவியாகும்போதுதான் வியர்வை உடலைக் குளிர்விக்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அது ஆவியாகாமல் சொட்டிக் கீழே விழுகிறது. நீரும் உப்பும் உடலை விட்டுப் போகின்றன, சூடு உள்ளேயே தங்கிவிடுகிறது. அந்தச் சூட்டைத் தணிக்க இதயம் தோலுக்குக் கூடுதலாக ரத்தத்தை அனுப்ப வேண்டியிருப்பதால், நேற்று எளிதாக இருந்த அதே வேகத்துக்கு இன்று நாடித்துடிப்பு பல மடங்கு உழைப்பதுபோல் ஏறிவிடுகிறது. பெங்களூரில் நன்றாக ஓடிப் பழகியவர் மெரினாவில் திணறுவதற்கும், சென்னைக்காரர் பெங்களூரில் ஓடும்போது தம் கால்களையே நம்ப முடியாமல் வியப்பதற்கும் காரணம் இதுதான்.

எந்தத் தூரத்தில் தொடங்குவது

முதல் படி, எவ்வளவு தூரம் ஓடப் போகிறோம் என்பதை நேர்மையாக முடிவு செய்வது. இதுவரை தொடர்ச்சியாக ஐந்து கிலோமீட்டர் ஓடியிராதவர் 10 கிலோமீட்டர் பிரிவில் பதிவு செய்யலாம். ஓராண்டாக வாரத்துக்கு மூன்று நாள் ஓடிவருபவர் 21.0975 கிலோமீட்டர் கொண்ட அரை மாரத்தானை நினைக்கலாம். முழு மாரத்தான் அரை மாரத்தானைப் போல இருமடங்கு என்று காகிதத்தில் தோன்றும். ஓடிப் பார்த்தவர்களைக் கேட்டால் 30 கிலோமீட்டருக்குப் பிறகுதான் மாரத்தானே தொடங்குகிறது என்பார்கள். சென்னையில் 20 மைல், அதாவது 32 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும் ஒரு பிரிவும் நடத்தப்பட்டு வந்திருக்கிறது. அரை மாரத்தானுக்கும் முழுமைக்கும் நடுவே இப்படியொரு படி கிடைப்பது அரிது. அந்தப் பிரிவு இருக்கும் ஆண்டில் அதை ஓடிவிட்டு மறு ஆண்டு முழுத் தூரத்துக்கு வருவதே மிகப் பொறுப்பான வழி என்று நான் கருதுகிறேன்.

பதிவுக்கு முன் மருத்துவரைப் பார்ப்பதும் இந்தப் படியிலேயே சேரும். நாற்பது வயதைக் கடந்தவர்கள், நீரிழிவோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள், குடும்பத்தில் இளவயதில் மாரடைப்பு கண்டவர்கள் ஆகியோர் தாம் மாரத்தானுக்குப் பயிற்சி எடுக்கப்போவதை மருத்துவரிடம் வெளிப்படையாகச் சொல்லி, அவர் கேட்கும் சோதனைகளைச் செய்துகொள்ள வேண்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர் ஓட்ட நாளில் அளவை எப்படி மாற்றுவது என்பதை அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். உடன் ஓடுபவரின் அறிவுரை இதில் போதாது.

மழைக்காலத்தில் விழும் பயிற்சி

ஜனவரி ஓட்டத்துக்கு ஜூலை அல்லது ஆகஸ்ட் மாதத்தில் பயிற்சியைத் தொடங்க வேண்டும். வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாள் ஓட்டம், இரண்டு நாள் உடலுரப் பயிற்சி, ஒரு நாளாவது முழு ஓய்வு என்பது புதியவருக்குப் போதுமானது. ஓட்டங்களில் பெரும்பாலானவை, உடன் வருபவரோடு முழு வாக்கியங்களாகப் பேச முடிகிற வேகத்தில் இருக்க வேண்டும். மூச்சு வாங்கிப் பேச்சு துண்டு துண்டாக வந்தால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். கைக்கடிகாரம் காட்டும் எண்ணைவிட இந்தப் பேச்சுச் சோதனை சென்னையில் நம்பகமானது. புழுக்கம் கூடிய நாளில் அது தானாகவே நம்மை மெதுவாக்கிவிடும். கடிகாரத்துக்கு அந்தப் பக்குவம் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை நீண்ட ஓட்டம், எல்லோரும் சொல்லும் ‘லாங் ரன்’, இந்தப் பயிற்சியின் முதுகெலும்பு. 10 கிலோமீட்டரில் தொடங்கி வாரம் ஒன்றிரண்டு கிலோமீட்டர் கூட்டி, நான்காவது வாரம் குறைத்து, மறுபடி ஏற வேண்டும். மாரத்தானுக்கு மூன்று வாரம் முன்பு 30 அல்லது 32 கிலோமீட்டர் வரை ஒருமுறை ஓடிவிட்டால் போதும். முழுத் தூரத்தையும் பயிற்சியிலேயே ஓடிப் பார்க்கும் ஆசை பலருக்கும் வரும். அதனால் கிடைக்கும் நம்பிக்கையைவிட, காலுக்கு ஏற்படும் தேய்வு அதிகம். அந்த உச்சத்துக்குப் பிறகு தூரத்தைப் படிப்படியாகக் குறைத்துவிட வேண்டும். கால்கள் துடிப்பாக இருப்பதாகத் தோன்றும் அந்த மூன்று வாரத்தில் கூடுதலாக ஓடிக் கெடுத்துக்கொண்டவர்கள் எங்கள் குழுவில் பலர்.

இனி, நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று. பயிற்சியின் கடினமான மாதங்கள் அக்டோபர் முதல் டிசம்பர் வரை, அதாவது வடகிழக்குப் பருவமழைக் காலம். சாலையில் நீர் தேங்கியிருக்கும்போது மூடியில்லாத மழைநீர் வடிகால் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. எனவே கணுக்காலுக்கு மேல் நீர் நிற்கும் தெருவில் ஓடவே கூடாது. காலில் சிறு கீறல் இருந்தாலும் தேங்கிய நீர் வழியாக எலிக்காய்ச்சல் தொற்ற வாய்ப்புண்டு. மிதமான தூறலில் ஓடுவதில் தவறில்லை. உண்மையில் பலருக்கும் அதுவே ஆண்டின் இனிமையான ஓட்டமாக அமையும். நனைந்த காலணியைச் சுருட்டிய செய்தித்தாளால் அடைத்து, மின்விசிறிக்கு அடியில் வைத்து, தாள் ஈரமானதும் மாற்றினால் மறுநாளுக்குள் பெரும்பாலும் காய்ந்துவிடும். புயலால் இரண்டு வாரம் பயிற்சி தவறினால், தவறியதைச் சேர்த்து ஓடி ஈடுகட்ட முயலாமல் விட்ட இடத்திலிருந்தே தொடர வேண்டும்.

தனியாகப் பயிற்சி செய்வதைவிடக் குழுவோடு சேர்வது நல்லது. 2006இல் தொடங்கப்பட்ட சென்னை ரன்னர்ஸ் அமைப்புக்கு நகரின் பல பகுதிகளில் கிளைக் குழுக்கள் இருக்கின்றன. அவை தவிர ஏறத்தாழ ஒவ்வொரு வட்டாரத்திலும் பூங்காவையோ கடற்கரையையோ மையமாக வைத்துச் சிறு குழுக்கள் ஓடுகின்றன. நாலரை மணி இருட்டில் தெருநாய்களுக்கு நடுவே ஒற்றையாகப் போவதற்கும் பத்துப் பேரோடு போவதற்கும் உள்ள வேறுபாட்டை, குறிப்பாகப் பெண்கள், உடனே உணர்வார்கள். எங்கள் குழுவில் ஐம்பது வயதில் ஓடத் தொடங்கிய வங்கி ஊழியர் ஒருவர் இருக்கிறார். முதல் நாள் தெருமுனை வரை ஓடி மூச்சு முட்டி நின்றதையும், மறுநாள் வராமல் இருந்துவிட எண்ணியபோது வாசலில் குழுவினர் வந்து நின்றதையும் அவர் இன்றும் நெகிழ்ந்து சொல்வார்.

காலணியை மாலையில் வாங்க வேண்டும். அப்போது பாதம் சற்று வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரற்கடை இடம் இருக்கட்டும். பருத்தி பனியனும் பருத்திக் காலுறையும் வியர்வையைக் குடித்துக் கனமாகி உரசும் என்பதால் அவற்றைத் தவிர்த்து விரைவில் காயும் துணியை அணிய வேண்டும். அக்குள், தொடையின் உட்புறம், மார்புக் காம்பு, உள்ளாடையின் விளிம்பு படும் இடங்கள் ஆகியவற்றில் வாஸ்லின் தாராளமாகத் தடவ வேண்டும். இதைச் சொல்லக் கூச்சப்படுவதால்தான் புதியவர் பலர் சட்டையில் ரத்தக் கறையோடு ஓட்டத்தை முடிக்கிறார்கள்.

சோறும் நீரும் உப்பும்

உடலில் கிளைகோஜனாகச் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து ஏறத்தாழ 2,000 கலோரிக்கு ஈடானது. ஒரு கிலோமீட்டர் ஓட, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் ஒரு கலோரி செலவாகிறது. 65 கிலோ எடையுள்ளவர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால், 30 கிலோமீட்டரை ஒட்டிக் கையிருப்பு தீர்ந்துபோவதைக் காணலாம். கொழுப்பும் எரிவதால் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். ஆனாலும் ‘சுவரில் மோதினேன்’ என்று ஓட்டக்காரர்கள் சொல்லும் அனுபவத்தின் உட்பொருள் இதுதான். ஐந்து நிமிடம் முன்பு வரை நன்றாக ஓடிக்கொண்டிருந்தவருக்கு, திடீரென்று கால் இரும்பாகிவிடும்; அழுகை வரும்; எதற்காக இங்கே வந்தோம் என்ற கேள்வி எழும். இது மன உறுதியின் குறை அன்று, எரிபொருளின் குறை.

ஆகவே பசிக்கும் முன்பே சாப்பிட வேண்டும். ஓட்டம் தொடங்கி 45 நிமிடத்துக்குள் முதல் வாய், பிறகு அரை மணிக்கு ஒருமுறை சிறிது என்ற ஒழுங்கு பெரும்பாலோருக்கு ஒத்துவருகிறது. எனர்ஜி ஜெல் எனப்படும் சர்க்கரைக் கூழைப் பயன்படுத்துபவர்கள் உண்டு. பேரீச்சம்பழம், வாழைப்பழத் துண்டு, கடலைமிட்டாய் ஆகியவற்றால் மாரத்தானை முடித்தவர்களும் உண்டு. எதுவாயினும் நீண்ட ஓட்டங்களில் ஏற்கெனவே வயிறு ஏற்றுக்கொண்டதாக இருக்க வேண்டும். ஓட்ட நாளில் யாரோ நீட்டிய புதிய ஜெல்லை விழுங்கிவிட்டுக் கழிப்பறை தேடி அலைந்தவர்களின் கதை ஒவ்வொரு குழுவிலும் இருக்கும்.

தண்ணீரைப் பொறுத்தவரை இரண்டு பக்கமும் ஆபத்து உண்டு. குறைவாகக் குடித்தால் என்ன ஆகும் என்பது எல்லோருக்கும் தெரியும். அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் உயிருக்கே ஆபத்தாகலாம் என்பது பலருக்குத் தெரியாது. 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் ஓடியவர்களில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்து 2005இல் வெளியான ஆய்வில், 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. ஓடி முடித்தபோது எடை கூடியிருந்தவர்களுக்கே அந்த ஆபத்து அதிகமாக இருந்தது. நம் வியர்வையின் அளவை அறிய எளிய வழி ஒன்று உண்டு. ஒரு மணி நேரம் நீர் அருந்தாமல் ஓடி, முன்னும் பின்னும் ஈரம் துடைத்து எடை பார்த்தால், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஒரு லிட்டர் வியர்வைக்குச் சமம். இழப்பு முழுவதையும் ஓடும்போதே ஈடுகட்ட வேண்டியதில்லை. தாகத்தைப் பின்பற்றிச் சிறிது சிறிதாகக் குடித்து, வெறும் நீரோடு உப்பும் சேருமாறு பார்த்துக்கொண்டால் போதும். மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை, உறையில் சொன்ன அளவு நீரில் மட்டுமே கரைக்க வேண்டும். பயிற்சி முடிந்து வீடு திரும்பியதும் உப்புப் போட்ட நீர்மோருக்கு இணையாக எனக்கு எதுவும் இல்லை.

ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை ஓட்டத்துக்கு முன்போ நடுவிலோ விழுங்கக் கூடாது. நீரிழப்போடு அவையும் சேர்ந்தால் சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.

முந்தைய இரண்டு நாள்

ஓட்டத்துக்கு முன் எண் அட்டை வழங்கும் ‘எக்ஸ்போ’ என்ற கண்காட்சிக்குச் சென்று, அடையாள அட்டையைக் காட்டி, ‘பிப்’ எனப்படும் எண் அட்டையைப் பெற்றுக்கொள்ள வேண்டும். அதன் பின்னால் ஒட்டியுள்ள சிப்தான் தொடக்கக் கோட்டிலும் இடையிலும் இறுதிக் கோட்டிலும் விரித்திருக்கும் பாய்களைக் கடக்கும்போது நேரத்தைப் பதிவு செய்கிறது. ஆகையால் அட்டையை மடிக்கவோ கால்சட்டைப் பையில் திணிக்கவோ வேண்டாம். அட்டையின் பின்புறத்தில் ரத்த வகையையும், அவசரத்துக்கு அழைக்க வேண்டியவரின் எண்ணையும் தவறாமல் நிரப்ப வேண்டும். கடை கடையாக நின்று நாள் முழுவதும் அங்கே கால்கடுக்கச் சுற்றாமல் சீக்கிரம் வீடு திரும்புவது நல்லது.

பாதை ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அந்த ஆண்டின் வரைபடத்தை எடுத்துவைத்துக்கொண்டு, தண்ணீர் மேசைகளும் மேம்பால ஏற்றங்களும் வரும் இடங்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். எந்த இடத்தை எத்தனை மணிக்குள் கடக்க வேண்டும் என்ற ‘கட்-ஆஃப்’ நேரத்தையும் பார்க்க வேண்டும். ஐந்து மணி நேரத்தில் முடிக்க நினைப்பவர் ஒரு கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 6 விநாடியும், ஆறு மணி நேரத்தில் முடிக்க நினைப்பவர் 8 நிமிடம் 31 விநாடியும் எடுத்துக்கொள்ளலாம்.

முந்தைய நாள் மதியம் சோறு, ரசம், அதிகம் எண்ணெய் இல்லாத பொரியல். இரவு ஏழு மணிக்குள் இட்லியோ இடியாப்பமோ. கீரையும் பயறும் பிரியாணியும் மறுநாள் ஓட்டம் முடிந்த பிறகு. உறக்கம் வராமல் புரள்வது எல்லோருக்கும் நேர்வதுதான்; அதற்கு முந்தைய இரவுகளில் நன்றாகத் தூங்கியிருந்தால் அதனால் கெடுதல் இல்லை.

ஓட்ட நாள்

முழு மாரத்தான் அதிகாலை 4 மணியளவில் தொடங்கும் என்று வைத்துக்கொண்டால், இரண்டு மணிக்கு எழுந்து இரண்டு இட்லி, ஒரு வாழைப்பழம், வழக்கமான காபி என்ற அளவில் முடித்துக்கொள்ள வேண்டும். அண்மை ஆண்டுகளில் ஓட்டக்காரர்களுக்காக மெட்ரோ ரயில் அன்று வழக்கத்துக்கு முன்பே ஓடியிருக்கிறது. அரசினர் தோட்டம் நிலையத்தில் இறங்கினால் நேப்பியர் பாலத்துக்கு நடந்தே போய்விடலாம். அந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுத் திட்டமிட வேண்டும். பையை ஒப்படைக்கவும், தற்காலிகக் கழிப்பறையின் நீண்ட வரிசைக்கும் சேர்த்து ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்வது அவசியம்.

கூட்டத்தில் முன்வரிசைக்கு முண்டியடிக்க வேண்டாம். சிப் நாம் கோட்டைக் கடக்கும் நொடியிலிருந்தே நம் நேரத்தைக் கணக்கிடுவதால் பின்னால் நிற்பதில் இழப்பு எதுவும் இல்லை. குறிப்பிட்ட நேரத்தை எழுதிய கொடியோடு ஓடும் ‘பேசர்’ ஒருவரைப் பின்தொடர்வதானால், நாம் நினைத்திருப்பதைவிடச் சற்று மெதுவான குழுவில் சேர வேண்டும்.

காமராஜர் சாலையில் உழைப்பாளர் சிலையையும் காந்தி சிலையையும் கடந்து கலங்கரை விளக்கம் நோக்கி ஓடும் அந்த முதல் பகுதிதான் மிகவும் ஏமாற்றும் பகுதி. விளக்கொளி, கடலின் இரைச்சல், சுற்றிலும் ஓடும் கால்களின் ஓசை ஆகியவற்றால் உடலில் ஒரு வேகம் தானாகப் பிறக்கும். ஒருவர் பின் ஒருவராக நம்மைக் கடந்து போவார்கள். அப்போது வேண்டுமென்றே, கிலோமீட்டருக்கு அரை நிமிடம் மெதுவாக ஓட வேண்டும். நான் இரண்டாம் முறை ஓடியபோது சாந்தோம் வரை என்னைக் கடந்துபோனவர்களில் பலரை, அடையாறுக்கு அப்பால் வெயிலில் ஒவ்வொருவராக மறுபடி சந்தித்தேன். ஜனவரி முதல் வாரத்தில் சென்னையில் சூரியன் உதிப்பது ஏறத்தாழ ஆறரை மணிக்கு. ஐந்து மணி நேரத்துக்குத் திட்டமிட்டவருக்கு இருட்டில் ஒரு பாதியும் வெயிலில் மறுபாதியும் கிடைக்கின்றன. இருட்டில் சேமித்ததைத்தான் வெயிலில் செலவழிக்க முடியும்.

திட்டமிட்டு நடப்பது புதியவருக்கு மிகவும் உதவும். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கரான ஜெஃப் காலோவே, ஓட்டத்துக்கு இடையே நடக்கும் முறையை 1970களிலிருந்து கற்பித்தவர். களைத்த பிறகு நடப்பது அவர் முறை அன்று. முதல் கிலோமீட்டரிலிருந்தே, நான்கு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடப்பது போன்ற ஓர் ஒழுங்கைக் கடைசி வரை காப்பது. நடக்கும்போது சாலையின் ஓரத்துக்கு வந்து, பின்னால் வருபவருக்குத் தெரியும்படி கையை உயர்த்திவிட்டு நடக்க வேண்டும். தண்ணீர் மேசையிலும் முதல் மேசையில் முட்டிக்கொள்ளாமல் கடைசி மேசைக்குப் போனால் நெரிசல் இருக்காது. கோப்பையில் பாதியைக் குடித்து மீதியைத் தலையிலும் பிடரியிலும் ஊற்றிக்கொள்ளலாம். காலணிக்குள் மட்டும் நீர் இறங்காமல் குனிந்து ஊற்ற வேண்டும், நனைந்த காலுறை ஐந்து கிலோமீட்டருக்குள் கொப்புளம் தந்துவிடும்.

30 கிலோமீட்டருக்குப் பிறகு தூரத்தைக் கழித்துக் கழித்துப் பார்ப்பதை விட்டுவிட்டு அடுத்த தண்ணீர் மேசை, அடுத்த சிக்னல் என்று கண்ணுக்கு எட்டியதை மட்டும் இலக்காகக் கொள்வது எனக்கு உதவியிருக்கிறது. சாலையோரத்தில் முன்பின் அறியாத பாட்டி ஒருவர் உரித்த சாத்துக்குடிச் சுளையை உள்ளங்கையில் வைத்து, “சாப்பிட்டுப் போப்பா, இன்னும் கொஞ்ச தூரந்தான்” என்று நீட்டியபோது நான் கண் கலங்கியதை இப்போதும் மறக்கவில்லை. கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தால் நின்று, சுவரிலோ தடுப்பிலோ கை ஊன்றி, முழங்காலை மடக்காமல் மெல்ல நீட்டிவிட்டு, உப்புள்ள பானம் அருந்தி நடக்கத் தொடங்க வேண்டும். ஆனால் வெயிலில் உடல் சிலிர்ப்பது, தலை சுற்றுவது, பேச்சு குழறுவது, எந்த இடத்தில் இருக்கிறோம் என்பது புலப்படாமல் போவது, நெஞ்சில் அழுத்தம் ஆகியவற்றில் எது வந்தாலும் அந்த இடத்திலேயே ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவக் குழுவை அழைக்க வேண்டும். பக்கத்தில் ஓடுபவர் தள்ளாடினால் நம் நேரம் போனாலும் நின்று உதவி கிடைக்கும்வரை உடனிருக்க வேண்டும். வெப்பத்தாக்குதல் கண்டவருக்கு உடலைக் குளிர்விக்கும் முதல் சில நிமிடங்களே உயிரைக் காக்கின்றன.

கோட்டைக் கடந்த பின்

இறுதிக் கோட்டைத் தாண்டியதும் உட்கார்ந்துவிடக் கூடாது. பத்து நிமிடமாவது மெல்ல நடந்தால்தான் காலில் தேங்கிய ரத்தம் மேலேறி, மயக்கம் வராமல் இருக்கும். பதக்கம் வாங்கி, ஒரு மணி நேரத்துக்குள் எதையாவது சாப்பிட்டு, ஈர உடையை மாற்றிக்கொள்ள வேண்டும். தாமே வண்டி ஓட்டி வீடு திரும்புவதைத் தவிர்த்து, யாரையாவது வரச் சொல்லியிருப்பது நல்லது. மறுநாளும் அதற்கடுத்த நாளும் மாடிப்படி இறங்கும்போது முன்தொடை வலிக்கும். பின்பக்கமாகத் திரும்பிக் கைப்பிடியைப் பற்றி இறங்கினால் வலி குறையும். கட்டைவிரல் நகம் கறுத்திருந்தால் பிடுங்க வேண்டாம், தானே விழுந்து புதியது முளைக்கும். சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ, நடக்க நடக்க ஒரு காலில் மட்டும் ஓரிடத்தில் வலி கூர்மையாகத் தொடர்ந்தாலோ மருத்துவரிடம் போக வேண்டும். முதல் வாரம் நடை மட்டும். இரண்டாம் வாரத்தில் வலி இல்லையென்றால் அரை மணி நேர மெதுவோட்டம். நீண்ட ஓட்டத்துக்கு ஒரு மாதமாவது கழிய வேண்டும்.